கும்டெர்வன் கேடயமும் வெற்றியின் சொந்தக்காரரும்

இடது கை பித்தளைத் தகட்டைத் தோல் மெத்தையின் மேல் மெல்லத் திருப்ப, வலது கை செதுக்குளியை அசையாமல் பிடித்திருந்தது. பார்ப்பவர்கள் உளிதான் நகர்கிறது என்று நினைப்பார்கள். இல்லை. வளைவு வேண்டிய இடத்தில் தகடுதான் திரும்பும். ஓர் ஓக் இலைக்கு ஒன்பது வளைவு. காம்பு முடிகிற இடத்தில் மயிரிழை போல ஒரு சுருள் பித்தளை உதிர, பெருவிரல் அதைத் தட்டிவிட்டது. பதினேழாவது இலை முடிந்தது. மரம் முடிய இன்னும் நாற்பது இலை வேண்டும். மரத்தின் கீழே கழகத்தின் பெயர், பெயரின் கீழே 2004–05 என்று ஆண்டு, அதற்கும் கீழே ஒரு வரிக்கான இடம். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறும் இடத்தை நிரப்புவதற்கு ஏழு மாதம் நின்ற இடத்தில் நிற்காமல் துடித்த ஒரு மனித வகையைப் பற்றித்தான் சொல்லப்போகிறோம்.

அந்த வகைக்கு வெற்றியின் சொந்தக்காரர் என்று பெயர். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காமல் இருக்க வழியில்லை. யாராவது எதையாவது வென்ற இடத்தில் படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் அவர்தான், வென்றவர் ஓரத்தில் பாதித் தோளோடு நிற்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தால், அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் கூட்டல் சொல்லிக்கொடுத்தது தாம்தான் என்று பெற்ற தாய்க்கே நினைவூட்டுவார், அதே பிள்ளை முதலாம் ஆண்டுப் பரீட்சையில் தவறிவிட்டால், "அது எந்தப் பிள்ளை?" என்று நெற்றியைச் சுருக்குவார். தேர் நல்லபடி இருப்பிடத்துக்கு வந்தால் வடம் பிடித்துச் சிவந்த உள்ளங்கையைக் காட்டுவார். மழை பிடித்துத் தேர் நடுத்தெருவில் நின்றால், தாம் அந்த வருடம் கமிட்டியிலேயே இல்லை என்பார். நாற்காலி அடுக்குகிற நாளில் முதுகுவலி. மாலை விழுகிற நாளில் முதல் வரிசை. சொந்தக்காரர் என்றால் கலியாணத்துக்கும் வரவேண்டும், செத்த வீட்டுக்கும் வரவேண்டும் அல்லவா? இவர் கலியாணத்துக்கு மட்டும் சொந்தம்.

இந்த வகையின் குறையில்லாத மாதிரி ஒருவர் கிங்ஸ்பரியில் வாழ்ந்தார். பெயர் முனியாண்டி. எழுபதுகளில் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மூன்று வருடம் பொறியியல் படித்து, பிறகு லண்டனுக்கு வந்து ஒரு கவுன்சிலின் வடிகால் பிரிவில் மேலதிகாரியாக உயர்ந்தவர். அவர் கிழக்கு லண்டன் தமிழ் விளையாட்டு ஒன்றியத்தின் தலைவரும்கூட. கிங்ஸ்பரியில் இருப்பவர் கிழக்கு லண்டனுக்கு எப்படித் தலைவரானார்? அவர் சேர்ந்த வருடம் ஒன்றியம் வலைப்பந்தில் கிண்ணம் எடுத்திருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்றியத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கிரிக்கெட் தெரியும், உதைபந்து தெரியும், கிளித்தட்டுக்கூடத் தெரியும். றக்பி தெரியாது. இதைவிட நல்ல கூட்டம் ஒரு நிபுணருக்கு வாய்க்குமா? ஈஸ்ட் ஹாமில் கூட்டம் முடிந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், எட்டு உளுந்து வடையை ஒருபக்கமும் எட்டைப் பருப்பு வடையை மறுபக்கமும் நெருக்கி வைத்து, இதுதான் ஸ்க்ரம், இப்படித்தான் முட்டித் தள்ளவேண்டும், பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால் எறிந்துகொண்டேதான் முன்னால் போகவேண்டும் என்று தேநீர் ஆறும்வரை விளக்குவார். பின்னால் எறிந்து முன்னால் போவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றியத்தின் கூட்டங்களே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. கடைசியில், தாம் படித்த ஊரின் கழகமான கும்டெர்வனுக்கு இவர் வலது ஓரத்தில் ஓடிய காலத்தில் எதிரிகள் பிடிக்க முடியாமல் சட்டையைக் கிழித்த கதை வரும். கிழிந்த சட்டையை யாரும் பார்த்ததில்லை. கழகத்தின் சின்னமான ஓக் மரம் போட்ட கழுத்துப்பட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதைக் கலியாண வீட்டுக்கும் கட்டிக்கொண்டு வருவார்.

ஓக் இலை வெட்டிக்கொண்டிருந்த கைகள் குகதாசனுடையவை. மனோர் பார்க்கில் ஒரு கடையின் பாதி அவருடையது. மறுபாதியில் ஒருவர் சப்பாத்துத் திருத்தினார். குகதாசன் அகதியாக வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரரின் கிண்ணக் கடையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனார். யாரும் அவருக்குச் செதுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எறிகிற தகடுகளைப் பொறுக்கி, மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு, முதல் வருடம் நேர்கோடு, இரண்டாம் வருடம் வளைகோடு, மூன்றாம் வருடம்தான் எழுத்து என்று ஏழு வருடம் தன்னைத்தானே பழக்கிய மனிதர். சின்னக் கிண்ணங்களுக்கு இயந்திரம் வைத்திருந்தார். கேடயம் என்றால் கைதான்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. நடந்ததை மட்டுமே வெட்டுவார்.

விதி சும்மா வரவில்லை. ஒருமுறை பேச்சுப் போட்டி நடத்துகிற ஒருவர், முதல் பரிசு யாருக்கு என்பது ஊருக்கே தெரியும் என்று சொல்லி, முதல் நாளே பெயர் வெட்டுவித்துக்கொண்டு போனார். போட்டியில் வேறொரு பிள்ளை வென்றாள். விடிந்ததும் ஓடிவந்து மாற்றச் சொன்னார்கள். பித்தளையில் வெட்டிய எழுத்தைத் தேய்த்து மினுக்கி அழிக்கலாம். நேரே பார்த்தால் தெரியாது. சரிந்த வெளிச்சத்தில் தெரியும். அந்தப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கி, ஜன்னலோரம் போய்க் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்து, தன் பெயருக்குக் கீழே கிடந்த மற்றப் பெயரை உதடு அசைய வாசித்தாள். மூன்றாம் வரிசையில் இருந்த குகதாசன் அதைப் பார்த்தார். அன்றோடு சரி.

இந்த விதியோடுதான் முனியாண்டி வந்து மோதினார். ஒக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை, கழுத்துப்பட்டியோடு.

"குகா, ஷீல்டு ஒண்ணு வேணும். நல்லா பெருசா. கும்டெர்வனுக்கு நம்ம ஒன்றியம் குடுக்குது. அஞ்சு மேட்ச், அஞ்சும் நாம ஜெயிச்சிட்டோம்லா."

"நல்லது அண்ணை. நடுவிலை என்ன வெட்ட?"

"சம்பியன்ஸ்னு போடு. வேற என்னா?"

"உந்த லீக் எப்ப முடியுது?"

"ஏப்ரல் கடைசில."

"இப்ப ஒக்டோபர் அண்ணை."

"அதனால என்னா? பன்னெண்டு டீமு. ஆளுக்கு இருபத்திரெண்டு மேட்ச். மேல வர்றவன் சம்பியன், அடியில கெடக்குற ரெண்டு பேரு கீழ்ப் பிரிவுக்கு எறங்கணும். நாம இப்பவே உச்சில இருக்கோம். முப்பது வருசமா இந்த ஆட்டத்தப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"நடந்ததைச் சொல்லுங்கோ, வெட்டுறன். நடக்கப்போறதை வெட்ட ஏலாது."

உள்ளே கிண்ணங்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த மனைவி சிவகௌரி தலையை நீட்டினாள். "அண்ணை, குறை நினையாதேங்கோ. பிறக்கப்போற பிள்ளைக்குப் பேர் வெட்ட வந்த ஆக்களையே, பிறந்தாப்பிறகு வாங்கோ எண்டு அனுப்பின மனுசன் இது."

முனியாண்டி சிரித்தார். தாம் ஒரு பொருட்டாக எடுக்காத எதற்கும் அவர் அப்படித்தான் சிரிப்பார். "சரிலா, அந்த எடத்த வெறுமையா விடு. மத்ததப் போடு. கீழ என் பேரு. வழங்குவது ஒன்றியம், தலைவர் முனியாண்டி. ஒன்றியம் சின்னதா இருக்கட்டும்."

நடந்ததை மட்டும் வெட்டுகிறவர் ஒரு கழகத்தின் பெயரைக் காதால் கேட்டு வெட்டுவாரா? மரத்தில் எத்தனை இலை, கொட்டை உண்டா, பெயரில் என்னென்ன எழுத்து என்று கேட்கக் குகதாசன் கும்டெர்வனுக்கே போன் எடுத்தார். எடுத்தது கழகத்தின் செயலாளர், மிஸஸ் பெவன் என்ற அம்மாள். அவருடைய ஆங்கிலம் ஏறி இறங்கிப் பாட்டுப் போல வந்தது. இவருடைய ஆங்கிலம் தகட்டில் வெட்டுவதுபோல எழுத்தெழுத்தாகப் போனது. ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டார்கள். அம்மாள் சின்னத்தின் படமும், பருவத்தின் ஆட்ட அட்டவணையும் தபாலில் அனுப்பினார். குகதாசன் அட்டவணையை மேசைக்கு நேரே சுவரில் ஒட்டினார். முனியாண்டி என்பவர் உங்களுக்கு விளையாடினவரா என்றும் கேட்டுவைத்தார். அந்தப் பெயரில் விளையாடிய யாரையும் தமக்கு நினைவில்லை, பழைய புத்தகங்களைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் அம்மாள்.

அதன் பிறகு சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு இலையிலோ கொட்டையிலோ குகதாசனுக்கு ஒரு சந்தேகம் வரும். போன் எடுப்பார். சந்தேகம் அரை நிமிடத்தில் தீரும். அன்றைய ஆட்டத்தின் முடிவைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடமாகும். அட்டவணையில் பென்சிலால் குறித்துக்கொள்வார். றக்பிப் பந்தைக் கையால் தொட்டறியாத மனிதர், கும்டெர்வனுக்காகக் கம்பத்துக்குப் பந்தை உதைக்கிறவர் ஊரின் தபால்காரர் என்பதும், நடு வரிசைத் தடியர்கள் இருவர் அண்ணன் தம்பி என்பதும், அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதும்வரை அறிந்துவைத்திருந்தார். நிபுணருக்கு இதில் எதுவும் தெரியாது. நிபுணர் முடிவை மட்டுமே பார்ப்பவர்.

நவம்பரில் முனியாண்டியின் பெயர் வெட்டப்பட்டது. தலைவர் என்பது உண்மை, வழங்குவது உண்மை, குகதாசனுக்குத் தடையில்லை.

டிசம்பரில், கடிதம் போடப்போன தபால்காரர் பனி உறைந்த படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். கும்டெர்வன் தோற்கத் தொடங்கியது. ஒரு ஆட்டம், பிறகு இன்னொன்று, பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் சொந்த மண்ணிலேயே நாற்பது புள்ளியால்.

முனியாண்டி ஜனவரியில் வந்தார். கழுத்துப்பட்டி இல்லை. குளிர் அதிகமென்று கழுத்துக்குக் கம்பளி சுற்றியிருந்தார்.

"குகா, சம்பியன்ஸ் வேணாம். மேல் பிரிவுக்கு ஏறினதுன்னு போடலாம். ரெண்டாவதா வந்தாலும் ஏத்திருவாங்க."

"இப்ப ஆறாவது அண்ணை."

"யாரு சொன்னா?"

குகதாசன் உளியால் சுவரைக் காட்டினார். முனியாண்டி அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வடையில்லாமல் றக்பியைப் பார்ப்பது அவருக்குப் புதிது.

"அவனுங்க ஒழுங்கா தள்ளவே மாட்றானுங்க," என்றார்.

அவர் போனதும் சிவகௌரி கேட்டாள்: "கவனிச்சனீங்களோ? ஒக்டோபரிலை 'நாம'. இப்ப 'அவனுங்க'."

"ஆறாவது இடம்தானே. அதுக்கு 'அவனுங்க' போதும்," என்றார் குகதாசன். "இன்னும் இறங்கினா என்ன சொல்லுவாரோ."

இன்னும் இறங்கினார்கள். பெப்ரவரி முழுக்க நிலம் உறைந்து ஆட்டமே நடக்கவில்லை; டிசம்பருக்குப் பிறகு அந்த ஒரு மாதம்தான் கும்டெர்வன் தோற்காத மாதம். முனியாண்டி அதையும் விடவில்லை. ஒருநாள் போனில், "தோல்வி காணாத பெப்ரவரின்னு..." என்று ஆரம்பித்து, தமக்கே கேட்கச் சகிக்காமல் வைத்துவிட்டார். மார்ச்சில் பதினோராவது இடம். கடைக்கு வரவில்லை. போன் வந்தது.

"குகா, அந்த ஷீல்டுல என் பேரு எதுக்கு? எனக்கு வெளம்பரம் புடிக்காதுன்னு உனக்குத் தெரியும்லா. எடுத்துரு."

"வெட்டினது அண்ணை. தேய்ச்சு மினுக்கலாம். ஆனா வெளிச்சம் சரிஞ்சா எழுத்துத் தெரியும்."

"யாரு சரிச்சுப் பாக்கப் போறா? எடுத்துரு."

குகதாசன் எடுத்தார். வெட்டுவதைவிட அழிப்பதற்கு நேரம் கூட. ஒரு பின்னேரம் முழுக்க மினுக்கி, கண்ணாடி போல ஆக்கி, மேசை விளக்கைச் சரித்தார். மங்கலாக, குளத்தின் அடியில் கிடப்பதுபோல, முனியாண்டி அங்கேதான் இருந்தார்.

இப்போது ஒன்று கேட்கலாம். தோற்கிற அணியைக் கைவிடுவது அத்தனை பெரிய குற்றமா? இல்லை. கோபம் வந்தால் ஏசலாம், சலிப்பு வந்தால் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வெற்றியின் சொந்தக்காரருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு வீட்டில் கலியாணம் நின்றுபோனால், அவர் சட்டையைக்கூட மாற்றாமல், மேளச் சத்தம் எங்கே கேட்கிறது என்று அடுத்த தெருவுக்குள் காது கொடுப்பார்.

மேளச் சத்தம் பான்ட்டெகோவில் கேட்டது. அதே பிரிவில் முதலிடத்தில் நின்ற கழகம். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை முனியாண்டி கடைக்குள் வந்தபோது கழுத்தில் அந்தக் கழகத்தின் புதுப் பட்டி: நீலத்தில் ஒரு வெள்ளைப் பாலம்.

"குகா, நாளைக்குக் கடைசி மேட்ச். யாருக்கும் யாருக்கும்னு தெரியுமா?"

"கும்டெர்வனும் பான்ட்டெகோவும். கும்டெர்வன்ரை மைதானத்திலை," என்றார் குகதாசன். "கும்டெர்வன் தோத்தா கீழ்ப் பிரிவு. பான்ட்டெகோ வெண்டா சம்பியன்."

"அதான். அந்த மரத்த எடுத்துட்டுப் பாலம் போடு. இல்ல மேல ஒரு தகடு ஒட்டிரு. பான்ட்டெகோ, சம்பியன்ஸ். கீழ என் பேரு. நான் படிச்சப்ப வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பான்ட்டெகோ பக்கம்தான்யா. என் மனசு எப்பவுமே அங்கதான்."

ஞாயிறு மத்தியானம் கிங்ஸ்பரியில் ஒன்றியத்தின் வருடாந்த விருந்து. கும்டெர்வன்காரர்களை ஒக்டோபரிலேயே அழைத்தாயிற்று. அழைப்பைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அவர்களுக்குக் கதவோரம் ஒரு மேசை, பான்ட்டெகோவுக்கு மேடை என்று தலைவர் திட்டம் போட்டிருந்தார்.

குகதாசன் கேடயத்தைப் பார்த்தார். ஐம்பத்தேழு இலையும் முடிந்திருந்தது. "தகடு ஒட்டலாம் அண்ணை. நாளைக்குப் பின்னேரம் ஆட்டம் முடியட்டும்."

"நாளைக்கு எனக்கு ஹால் வேலை. இப்பவே வேணும். பாதி லீக் அவனுங்கள அடிச்சுப் போட்டுருச்சு, நீ வேற."

"நடக்கட்டும் அண்ணை. நடந்தா வெட்டுறன்."

முனியாண்டி இந்த முறை சிரிக்கவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று, ஒன்றியத்தின் ஜூலை விளையாட்டு விழாவைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். நூற்றறுபது கிண்ணம். ஈஸ்ட் ஹாமில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. எல்லாம் இயந்திரம், சொன்னதை ஏனென்று கேட்காமல் போட்டுத் தருகிறார்களாம். "யோசிச்சுக்க தம்பி," என்றார். அதுவரை குகா என்று கூப்பிட்டவர்.

இதில் யோசிக்க நிறைய இருந்தது. அந்த நூற்றறுபது கிண்ணம்தான் குகதாசனின் பாதிக் கடையை வருடத்தின் மற்றப் பாதிக்கும் தூக்கி நிறுத்துவது. அது போனால் மறுபாதிச் சப்பாத்துக்காரர் இடத்தை அகலமாக்கிக்கொள்ளலாம். குகதாசனுக்கு இது தெரியும். முனியாண்டிக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

"ஏலாது அண்ணை," என்றார் குகதாசன்.

கதவு சாத்தப்பட்ட பிறகு சிவகௌரி கொஞ்ச நேரம் நாடாவை வெட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "ஒன்பது எழுத்து. சம்பியன்ஸ் எண்டதுக்கு இங்கிலிசிலை ஒன்பது எழுத்து. அதுக்காக நூற்றறுபது கப்பை விட்டிட்டியள்."

"ஓம்."

"நாளைக்குப் பின்னேரம் அவை வெண்டா, இண்டைக்கு வெட்டினதும் நாளைக்கு வெட்டுறதும் ஒண்டுதானே?"

"வெண்டா ஒண்டுதான்."

சிவகௌரி எழுந்து தேநீர் போடப் போனாள். அன்றைக்கு அதில் சீனி இல்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் குகதாசன் போன் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை. ஐந்தே காலுக்கு அதுவே அடித்தது. முதலில் ஆட்களின் பாட்டுச் சத்தம். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு மிஸஸ் பெவனின் குரல். கடைசி நிமிடம்வரை பதின்மூன்றுக்குப் பதினைந்து என்று பின்னால் நின்றார்களாம். அன்றைக்குத்தான் கணுக்கால் தேறி வந்திருந்த தபால்காரர், கோட்டோரத்திலிருந்து உதைத்தாராம். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்ததாம், மூன்று புள்ளி. பதினாறுக்குப் பதினைந்து. பேசாத அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். பான்ட்டெகோவுக்குச் சம்பியன் பட்டம் கைநழுவி, வேறு கழகத்துக்குப் போய்விட்டது. கும்டெர்வனுக்குப் பத்தாவது இடம். இறங்கவில்லை.

"நடுவிலை என்ன வெட்ட, மேடம்?" என்று கேட்டார் குகதாசன்.

"பத்தாவது இடம் என்றே போடுங்கள்," என்றார் அம்மாள். "பத்தாவது என்றால், இன்னும் இருக்கிறோம் என்று அர்த்தம்."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். பழைய புத்தகத்தில் உங்கள் முனியாண்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். விளையாடியவர் பட்டியலில் இல்லை. 1975–76இல் புள்ளிப் பலகையில் எண் மாற்றிய மாணவர் அவர். கெட்டிக்காரப் பையன், எப்போதும் சிரித்த முகம். நான் அப்போது கழகத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசி ஆட்டத்தில் பன்னிரண்டுக்கு ஒன்பது என்று நாங்கள் முன்னால் நின்றோம். கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரிகள் நெருக்கியதும் பையனைக் காணோம், பேருந்துக்குப் போய்விட்டான். பன்னிரண்டுக்குப் பதினைந்து என்று தோற்றோம். ஆனால் பலகையை மாற்ற ஆள் இல்லை. திங்கட்கிழமைவரை அந்தப் பலகையில் நாங்கள்தான் வென்றுகொண்டிருந்தோம். என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார். பலகைக்காரர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. முடிந்தால் அவர் பெயரையும் ஓரிடத்தில் போட்டுவிடுங்கள்.

குகதாசன் போனை வைத்தார். நடந்தது இரண்டு. இரண்டையும் வெட்டினார். வெறும் இடத்தில் பத்தாவது இடம். அடியில், மினுக்கிய இடத்தில், புள்ளிப் பலகை, 1975–76, முனியாண்டி.

கடைசி எழுத்தின் சுருளை அவர் ஊதியபோது கதவு திறந்தது. ஏப்ரல் மாதத்து ஏழு மணி வெயில் முதலில் உள்ளே விழுந்தது. பிறகு முனியாண்டி. கழுத்தில் ஓக் மரப் பட்டி.

"தப்பிச்சிட்டோம்லா, குகா," என்று கையை நீட்டினார். கை கொடுக்காமல் இருக்க முடியாதபடி நீட்டினார். "நாம தப்பிச்சிட்டோம். நான் அப்பவே சொன்னேன்ல, கடைசி மேட்ச்லதான் நம்ம பசங்க காட்டுவானுங்கன்னு?"

நேற்று இதே இடத்தில் நின்றவர். முகத்தில் ஒரு கோடு அசைய வேண்டுமே. அசையவில்லை. இந்த வகையை நீங்கள் வெறுக்க முடியாமல் போவதும் இதனால்தான், மன்னிக்க முடியாமல் போவதும் இதனால்தான்: அவர் பொய் சொல்லவில்லை, நேற்றைத் தம்மிடமிருந்தே தேய்த்து மினுக்கிவிட்டார்.

கேடயத்தை வாசித்தார். பத்தாவது இடம் என்பதில் அவருக்குக் குறையில்லை. அடி வரிக்கு வந்ததும் கண் நின்றது.

"இது யாரு சொன்னது?"

"செயலாளர் அம்மா. நாளைக்கு விருந்துக்கு வாறா. உங்களைக் காண வேணுமாம். பலகைக் கதையும் சொன்னவ."

முனியாண்டி கடையின் கூரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத அழிச்சிருய்யா."

குகதாசன் கேடயத்தை வெயிலுக்குச் சரித்தார். புது எழுத்தின் அடியில், மங்கலாக, மார்ச் மாதத்தில் அழித்த பெயரும் எழும்பி வந்தது. ஒரே ஆள் இரண்டு தடவை. "இன்னும் ஒருக்கால் அழிக்கலாம் அண்ணை," என்றார். "வெளிச்சம் சரிஞ்சா ரெண்டும் தெரியும்."

அப்போது சிவகௌரி வந்தாள். கையில் ஜூலை விழாவின் கிண்ண ஓடர்த் தாள், கையெழுத்துக்கு இடம் விட்டபடி. அவள் முனியாண்டியைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, மிஸஸ் பெவன் திரும்பவும் எடுத்தவ. நீங்கள் வெட்டிக்கொண்டிருந்தியள், நான்தான் கதைச்சனான். இனித் தங்கட கப் எல்லாம் எங்களிட்டைத்தானாம். பக்கத்துப் பள்ளத்தாக்குக் கிளப்புகளுக்கும் எங்கட நம்பரைக் குடுத்திருக்கிறாவாம்."

முனியாண்டியின் முகம் அசைந்தது. மெல்ல, சூரியகாந்தி போல, மேளச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

"பாத்தியா?" என்றார் குகதாசனிடம். "நான் அப்பவே சொன்னேன்ல, கடைன்னா இந்தக் கடைதான்னு? வேல்ஸ் வரைக்கும் நாம போயிட்டோம்யா." தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நூற்றறுபதை நூற்றெண்பதாக்கினார். ஈஸ்ட் ஹாம் இயந்திரக் கடையைப் பற்றிச் சிவகௌரி ஒரு வார்த்தை கேட்டதும், "அது எந்தக் கடை?" என்று நெற்றியைச் சுருக்கினார்.

குகதாசன் கேடயத்தைப் பழைய துணியால் துடைத்தார். நடுத் தகட்டைச் சுற்றி, வருகிற வருடங்களில் பெயர் பொறிப்பதற்காகப் பத்துச் சின்னத் தகடுகள் பதித்திருந்தன. பத்தும் வெறுமை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன முறை உங்கள் பிள்ளை வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டுவந்த நாளில் "எங்கட பிள்ளை" என்றும், பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த நாளில் "உன்ர பிள்ளை" என்றும் மனைவியிடம் சொன்னது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவசரமில்லை. தகடுகள் பத்து இருக்கின்றன. மனோர் பார்க்கில் அந்த மனிதர் உங்கள் பெயரைக் கேட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். நடந்ததை நீங்கள் சொல்லவேண்டாம், அவர் போன் எடுத்து விசாரித்துக்கொள்வார்.

"பாரம் அண்ணை, ரெண்டு கையாலையும் பிடியுங்கோ," என்று சொல்லிக் குகதாசன் கேடயத்தை மேசைக்கு மேலாக நீட்டினார். முனியாண்டி, வென்றவர்கள் வாங்குவது போலவே, தலைக்கு மேல் தூக்கி வாங்கிக்கொண்டார்.